ஏணி இல்லாத லீக்கில் ஒரு சீசன்: ஆஸ்திரேலியாவின் என்.பி.எல். எப்படி நடக்கிறது?

கேள்வி இதுதான்: "மெல்பர்னுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். நாட்டின் உச்ச லீக்கான ஏ-லீக் கால்பந்து கோடையோடு ஓய்ந்துவிடுகிறது. குளிர்காலம் முழுக்கப் புறநகர் மைதானங்களில் என்.பி.எல். என்ற பெயரில் ஆட்டங்கள் நடக்கின்றன. இது ஒரே லீக்கா, பல லீக்குகளா? முதலிடம் பிடிக்கும் அணி ஏ-லீக்குக்குப் போகுமா? போகாதென்றால் இவர்கள் எதற்காக இவ்வளவு மூர்க்கமாக ஆடுகிறார்கள்?"

முதல் இரண்டு கேள்விகளுக்கும் உடனே பதில் சொல்லிவிடலாம். நேஷனல் பிரீமியர் லீக்ஸ் என்பது ஒரே பெயரில் தனித்தனியாக நடக்கும் எட்டு லீக்குகள். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், வடக்கு நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, தலைநகர் கான்பெரா ஆகிய ஒவ்வொன்றையும் அந்தந்தப் பகுதியின் கால்பந்துச் சங்கம் நடத்துகிறது. நியூ சவுத் வேல்ஸ் மட்டும் ஏன் இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்று எல்லாரும் கேட்பார்கள். நியூகாசிலும் அதைச் சுற்றிய நிலக்கரிச் சுரங்க ஊர்களும் பிரிட்டிஷ் தொழிலாளர்கள் வந்த காலத்திலிருந்தே தமக்கென்று ஒரு கால்பந்து மரபு கொண்டவை. சிட்னியின் கீழ் இருக்க அவை ஒப்பவில்லை. முதலிடம் பிடித்த அணி ஏ-லீக்குக்குப் போக முடியாது. ஏ-லீக்கில் இடம் பெற உரிமம் வாங்க வேண்டும். ஆடி வென்று ஏறும் வழி அங்கே கிடையாது.

மூன்றாவது கேள்விக்குத்தான் நீண்ட பதில் வேண்டும். பதிலின் பாதி பழைய கதையில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் கால்பந்தை வளர்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பலில் வந்து இறங்கிய கிரேக்கர்கள், இத்தாலியர்கள், குரோவேஷியர்கள், மாசிடோனியர்கள், ஹங்கேரியர்கள், மால்டாக்காரர்கள். பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தங்கள் மொழி பேசும் இடத்தைத் தேடினார்கள். கோயில் ஒன்று, மன்றம் ஒன்று, கால்பந்து கிளப் ஒன்று என்று அவர்கள் வாழ்க்கை அமைந்தது. மெல்பர்னில் கிரேக்கர்கள் 1959-இல் சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸைத் தொடங்கினார்கள். குரோவேஷியர்கள் தொடங்கிய கிளப்தான் இன்றைய மெல்பர்ன் நைட்ஸ். சிட்னி லைக்கார்ட்டின் இத்தாலியர்களுக்கு ஏபியா, போஸ்லி பார்க்கின் இத்தாலியர்களுக்கு மார்க்கோனி, எடென்சர் பார்க்கின் குரோவேஷியர்களுக்கு இன்றைய சிட்னி யுனைடெட் 58. பிரிஸ்பேனில் டச்சுக்காரர்கள் தொடங்கிய கிளப் இன்று லயன்ஸ். பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

1977-இல் தேசிய சாக்கர் லீக் தொடங்கியபோது நாட்டின் உச்ச லீக்கில் ஆடியவர்கள் பெரும்பாலும் இவர்களே. சவுத் மெல்பர்ன் நான்கு முறை சாம்பியன், மார்க்கோனியும் நான்கு முறை. ஃபெரெங்க் புஷ்காஷ் 1989 முதல் 1992 வரை சவுத் மெல்பர்னுக்குப் பயிற்சியாளராக இருந்தார். உலகக் கால்பந்தின் மாபெரும் பெயர்களில் ஒன்றான அவருக்கு ஆங்கிலம் சரளமில்லை, கிரேக்கம் தெரியும். மொழிபெயர்த்தவர் அணித்தலைவர் ஆஞ்ச் போஸ்டெகோக்லு. அதே மனிதர் பின்னர் அதே கிளப்பின் பயிற்சியாளராகி 1998, 1999 ஆண்டுகளில் தொடர்ந்து இரண்டு பட்டங்கள் வென்றார், 2000-இல் பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அந்த அணியை இறக்கினார், 2025-இல் டாட்டன்ஹாமுக்கு யூரோப்பா லீக் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். அவர் வளர்ந்த கிளப் இன்று என்.பி.எல். விக்டோரியாவில் ஆடுகிறது.

எப்படி இங்கே வந்து சேர்ந்தது? தேசிய லீக் பணமின்றித் தள்ளாடியது. தொலைக்காட்சி கைவிட்டது, கிளப்புகளுக்குள் பூசல், பார்வையாளர் மோதல்கள் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தன. 2003-இல் அரசின் ஏற்பாட்டில் வந்த கிராஃபோர்டு அறிக்கை நிர்வாகத்தை அடியோடு மாற்றச் சொன்னது. தொழிலதிபர் ஃபிராங்க் லோவி தேசியச் சம்மேளனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவரும் சிட்னி யூதர்களின் ஹக்கோவா கிளப்பை வளர்த்து, 1987-இல் அதைத் தேசிய லீக்கிலிருந்து விலக்கிக்கொண்டவர்தான். 2004-இல் தேசிய லீக் மூடப்பட்டது. 2005-இல் எட்டு அணிகளோடு ஏ-லீக் பிறந்தது. ஒரு நகரத்துக்கு ஓர் அணி என்பது கொள்கை. கிரேக்க, இத்தாலிய, குரோவேஷியக் கிளப்புகளில் ஒன்றுகூட அந்த எட்டில் தன் பெயரில் இல்லை.

பழைய லீக்கைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். புதிய லீக் வேண்டியிருந்தது. ஆனால் புதிய வீட்டைக் கட்டியவர்கள் பழைய வீட்டுக்காரர்களுக்கு வாசலே வைக்காமல் கட்டினார்கள். இருபது ஆண்டுகள் கடந்தும் அந்த வாசல் வைக்கப்படவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. ஒவ்வொரு என்.பி.எல். சீசனுக்கும் அடியில் இந்த வலி ஓடுகிறது. அதை அறிந்துகொண்டால்தான் மைதானத்தில் நீங்கள் பார்க்கும் மூர்க்கம் புரியும்.

என்.பி.எல். என்ற அமைப்பு 2013-இல் வந்தது. அதுவரை ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் நடத்திவந்த உயர்பிரிவுகளை ஒரே பெயருக்கும் ஒரே தரநிபந்தனைகளுக்கும் கீழ் கொண்டுவந்தார்கள். விக்டோரியா ஓர் ஆண்டு முரண்டுபிடித்து 2014-இல் சேர்ந்தது. பயிற்சியாளர்களின் தகுதிச் சான்றிதழ், இளையோர் அணிகள், மைதான வசதி என்று நிபந்தனைகள் போட்டார்கள். பல கிளப்புகளுக்குச் செலவு கூடியது. பயிற்சியின் தரமும் கூடியது.

இனி சீசனுக்கு வருவோம். ஏ-லீக் அக்டோபரில் தொடங்கி மே மாதத்தையொட்டி முடிகிறது. என்.பி.எல். பிப்ரவரியில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. விக்டோரியாவில் 14 அணிகள். ஒவ்வொன்றும் மற்றதைச் சொந்த மண்ணிலும் எதிரி மண்ணிலும் ஒருமுறை சந்திக்க, 26 ரவுண்டுகள். நியூ சவுத் வேல்ஸில் 2023 முதல் 16 அணிகள், 30 ரவுண்டுகள். கடைசி ரவுண்டு முடிந்ததும் பட்டியலின் மேல் இடங்களில் உள்ள அணிகள் இறுதிச்சுற்று ஆடுகின்றன. பட்டியலில் முதலிடம் பிடித்தவர் 'பிரீமியர்', இறுதி ஆட்டத்தை வென்றவர் 'சாம்பியன்'. இரண்டும் வெவ்வேறு பட்டங்கள். ஏழு மாத உழைப்பின் கணக்கு முதலாவது. ஒரு மாலையின் கணக்கு இரண்டாவது. எனக்கு எப்போதும் முதலாவதே பெரிது. மாநிலச் சங்கங்களும் தேசியப் போட்டிக்கு அணியை அனுப்பும்போது பெரும்பாலும் பிரீமியரையே எடுத்துக்கொள்கின்றன.

பிப்ரவரியில் புல் காய்ந்து கிடக்கும். வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டால் ஆட்டத்தைத் தள்ளிவைப்பார்கள். ஜூன், ஜூலையில் நிலைமை தலைகீழ். சிட்னியில் தொடர்மழை பிடித்தால் நகரசபை மைதானத்தைப் பூட்டிவிடும். தவறிய ஆட்டங்கள் வார நடுவில் வந்து விழும். வேலைக்குப் போகிற வீரர்கள் ஒரே வாரத்தில் மூன்று ஆட்டம் ஆடியாக வேண்டும். செயற்கைப் புல் போட்ட கிளப்புகள், லைக்கார்ட்டின் லாம்பர்ட் பார்க் போல, இந்த விஷயத்தில் பிழைத்துக்கொள்கின்றன. டாஸ்மேனியாவில் சிக்கல் வேறு: ஹோபார்ட்டுக்கும் லான்செஸ்டனுக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர். குளிர் இரவில் ஆட்டம் முடித்துப் பஸ்ஸில் திரும்பி, மறுநாள் காலை வேலைக்குப் போகிறார்கள்.

இந்த லீக் 'செமி புரொஃபஷனல்', அதாவது வேறு வேலை பார்த்துக்கொண்டே பணத்துக்கு ஆடுவது. அதன் நடைமுறையைப் பார்க்க விரும்பினால் ஆட்டத்துக்குப் போவதைவிட ஒரு செவ்வாய் அல்லது வியாழன் மாலைப் பயிற்சிக்குப் போய்ப் பாருங்கள். ஆறு மணிக்கே இருட்டிவிடும். கார் நிறுத்துமிடத்தில் ஏணி கட்டிய வேன்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். கட்டட வேலையிலிருந்து நேராக வந்தவன் ஒளிரும் ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றி இருக்கையில் எறிந்துவிட்டு, வேனின் பின்கதவில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டுவான். பக்கத்துக் காரில் ஒரு பள்ளி ஆசிரியர் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே திருத்தாத விடைத்தாள் கட்டைப் பின்சீட்டுக்குத் தள்ளுவார். விளக்குக் கம்பங்களில் இரண்டு எரியாமல் இருக்கும். அந்த மூலையில் மட்டும் யாரும் பயிற்சி எடுக்க மாட்டார்கள். உடற்சிகிச்சையாளரின் மேசைக்கு முன்னால் ஒரு வரிசை. பகல் முழுக்கக் குழாய்களுக்கு அடியில் மண்டியிட்டு வேலை பார்த்தவனின் முழங்காலை அவர் கட்டிவிடுவார். ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் யாரும் சோம்பி நிற்பதில்லை. பயிற்சியாளரும் பகலில் வேறு எங்கேயோ சம்பளம் வாங்குகிறவர்தான்.

இவர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்றோ வாரத்துக்கு இவ்வளவு என்றோ பணம் உண்டு. நட்சத்திர வீரருக்கு அது நல்ல தொகை. இளைஞனுக்குப் பெட்ரோல் செலவு. அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகச் சிலர்.

பணம் எங்கிருந்து வருகிறது? வேலியைச் சுற்றிக் கட்டியிருக்கும் விளம்பரப் பலகைகளைப் படித்தால் பாதி தெரியும்: ஓடு பதிப்பவர், கான்கிரீட் ஒப்பந்ததாரர், இறைச்சிக்கடை, வழக்கறிஞர். பெரும்பாலும் ஒரு காலத்தில் அதே கிளப்பில் ஆடியவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். சிட்னியில் மார்க்கோனி போன்றவற்றுக்குப் பின்னால் உணவகமும் சூதாட்ட இயந்திரங்களும் கொண்ட பெரிய உறுப்பினர் மன்றம் நிற்கிறது. அது இல்லாத கிளப்புகளுக்கு நுழைவுச்சீட்டு, கேன்டீன், சிறுவர்களின் கட்டணம்.

இந்தக் கடைசி விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. என்.பி.எல். கிளப்பின் இளையோர் அணியில் ஒரு பிள்ளையைச் சேர்த்தால் ஆண்டுக் கட்டணம் இரண்டாயிரம் டாலரைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது. சீருடை, பயணம் தனி. உலகின் பெரும்பாலான நாடுகளில் ஏழைப் பிள்ளையின் ஆட்டம் இது. ஆஸ்திரேலியாவில் திறமையான சிறுவன் பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்து வளர வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன்கள் கட்டும் பணம் சீனியர் அணியின் சம்பளத்துக்குப் போகிறது என்ற குற்றச்சாட்டு பல கிளப்புகளைப் பற்றி எழுகிறது. அதை முற்றாக மறுக்கக் கூடியவர்கள் குறைவு. உங்கள் பிள்ளையைச் சேர்க்க நினைத்தால், எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், சலுகை உண்டா, தவணை உண்டா என்றும் கேளுங்கள். கேட்பவர்களுக்குக் கொடுக்கும் கிளப்புகள் இருக்கின்றன.

பணக்காரக் கிளப் ஒன்று எல்லாரையும் வாங்கிக் குவிப்பதைத் தடுக்க வீரர் புள்ளி முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மதிப்பு. கிளப்பிலேயே வளர்ந்தவருக்குக் குறைவு, புதிதாக வாங்கியவருக்கு அதிகம். அணியின் கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் அனுபவமுள்ள மேலாளர்கள் இதைச் சதுரங்கம்போல் ஆடுகிறார்கள். ஜனவரி மாதத்தில் அவர்களுடைய பேச்சில் பாதி புள்ளிக் கணக்காகவே இருக்கும்.

மேலே போக வழியில்லாத லீக்கில் மே மாதத்திலேயே பாதி அணிகளுக்குச் சுவாரசியம் போய்விடாதா என்று நினைக்கலாம். போகாததற்கு முதல் காரணம், கீழே விழ வழி உண்டு என்பதுதான். விக்டோரியாவில் கடைசி இடங்களில் முடிப்பவர்கள் விக்டோரியன் பிரீமியர் லீக் 1 என்ற அடுத்த பிரிவுக்கு இறங்குவார்கள். அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே ஸ்டேட் லீக் என்று பல படிகள். இறங்கினால் விளம்பரதாரர் போவார், நல்ல வீரர்கள் போவார்கள், பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோரும் வேறு கிளப் தேடுவார்கள். பிரெஸ்டன் லயன்ஸைப் பாருங்கள். மெல்பர்ன் மாசிடோனியர்களின் கிளப். எண்பதுகளில் தேசிய லீக்கில் கலக்கியது. பிறகு சரிந்து, பல ஆண்டுகள் கீழ்ப் பிரிவுகளில் கிடந்தது. ரெசர்வார் பகுதியில் உள்ள பி.டி. கானர் ரிசர்வ் மைதானத்துக்கு மக்கள் வருவது அப்போதும் நிற்கவில்லை. படிப்படியாக ஏறி 2025 சீசனுக்கு விக்டோரியாவின் மேல் பிரிவுக்கு அது திரும்பியபோது அங்கே கூடிய கூட்டம் ஆயிரக்கணக்கில். சிவப்புப் புகை, முரசு, மூன்று தலைமுறை ஒரே வேலியோரத்தில். அன்று பி.டி. கானரில் இருந்த உற்சாகத்தை ஏ-லீக்கின் பாதிக் காலியான பெரிய மைதானங்களில் நான் கண்டதில்லை.

இரண்டாவது காரணம் கோப்பை. ஒரு சீசனைப் புரிந்துகொள்ளப் புள்ளிப்பட்டியல் மட்டும் போதாது. கூடவே ஓடும் கோப்பைப் போட்டியையும் பார்க்க வேண்டும். 2014-இல் தேசியச் சம்மேளனத்தின் பெயரால் எஃப்.எஃப்.ஏ. கோப்பை என்று தொடங்கி, 2022 முதல் ஆஸ்திரேலியா கோப்பை என்று பெயர் மாறியது. நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்ட கிளப்புகள் கலந்துகொள்ள, ஆண்டின் தொடக்கத்திலேயே கீழ்மட்டச் சுற்றுகள் ஆரம்பித்துவிடும். ஞாயிறு மாலை ஆடும் பொழுதுபோக்கு அணிக்கும் என்.பி.எல். அணிக்கும் ஒரே குடுவையிலிருந்து சீட்டு எடுப்பார்கள். கடைசி 32 அணிகளுக்கு வரும்போது ஏ-லீக் கிளப்புகள் உள்ளே வருகின்றன. சீசன் முடிந்து விடுமுறை போன தொழில்முறை வீரர்கள் அப்போது ஆயத்தப் பயிற்சியில்தான் இருப்பார்கள்; என்.பி.எல். வீரர்களோ ஆறு மாதம் ஆடி உடம்பு முறுக்கேறிய நிலையில். இடைவெளி சுருங்குவதற்கு இது ஒரு காரணம். காத்திருந்த கோபம் இன்னொரு காரணம்.

முதல் ஆண்டிலேயே அது தெரிந்தது. ஆகஸ்ட் 2014-இல் அடிலெய்டு சிட்டி, வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸ் அணியை 1–0 என்று வென்றது. இந்தக் கோப்பையில் ஏ-லீக் அணியைச் சாய்த்த முதல் மாநில லீக் கிளப். அடிலெய்டு சிட்டி இத்தாலியர்கள் தொடங்கியது, தேசிய லீக்கை மூன்று முறை வென்றது. தோற்ற வாண்டரர்ஸ் அதே ஆண்டு நவம்பர் 1 அன்று ரியாத்தில் இறுதிச்சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் அல் ஹிலாலை 0–0 என்று தடுத்து நிறுத்தி, ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. ஆசியாவின் சாம்பியனாகப் போகிற அணியை, மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள் தோற்கடித்திருந்தார்கள். இந்த ஒரு செய்தியை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

தொடக்க ஆண்டுகளில் அரையிறுதியில் ஒரு மாநில கிளப்பாவது இருக்கும்படி சீட்டெடுப்பை அமைத்திருந்தார்கள். அதனால் அங்கே வந்தவர்களை எளிதாக வந்தவர்கள் என்று சிலர் குறைத்துப் பேசினார்கள். 2022-இல் சிட்னி யுனைடெட் 58 அந்தப் பேச்சை முடித்துவைத்தது. அரையிறுதியில் ஏ-லீக்கின் பிரிஸ்பேன் ரோரை வென்று, இறுதி ஆட்டத்துக்கு வந்த முதல் மாநில லீக் கிளப் ஆனது. இறுதியில் ஏ-லீக் அணியான மக்கார்தரிடம் 0–2 என்று தோற்றது. அந்த இரவு இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் நிற்கிறது: பார்வையாளர்களில் சிலர் நாஜி வணக்கம் வைத்தார்கள், பூர்வகுடி மக்களின் வரவேற்புச் சடங்கின்போது கூச்சலிட்டார்கள். கிளப் தண்டிக்கப்பட்டது. சரியான தண்டனை. இந்தக் கிளப்புகளை நேசிக்கிறவர்கள் இதை மூடிமறைக்கக் கூடாது. பழைய நாட்டின் நஞ்சைச் சிலர் இங்கேயும் சுமந்து வந்திருக்கிறார்கள், அவர்களை வெளியேற்றும் பொறுப்பு கிளப்புக்கு உண்டு. அதே சமயம், அந்தச் சிலரைக் காட்டி, கேன்டீனில் சமைக்கும் பாட்டியையும் சிறுவர்களுக்குப் பயிற்சி தரும் தாத்தாவையும் சேர்த்து விலக்கிவைப்பது அநியாயம். 2025-இல் மெல்பர்னின் ஹெய்டல்பர்க் யுனைடெட் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஏ-லீக்கின் நியூகாசில் ஜெட்ஸ் அதை வெல்லக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது.

பெயர் விவகாரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் நாட்டுப்பெயர், இனப்பெயர் எல்லாவற்றையும் கிளப் பெயரிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். ஹெல்லாஸ், குரோவேஷியா, மாசிடோனியா எல்லாம் போயின. 2014-இல் தேசியச் சம்மேளனம் புதிய இனப்பெயர்களுக்குத் தடை போட்டது. 2019-இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். கான்பெரா குரோவேஷியா இன்று அந்தப் பெயரிலேயே ஆடுகிறது. வானம் இடிந்து விழவில்லை.

மூன்றாவது காரணம், இங்கிருந்து மேலே போகும் தனிமனிதர்கள். கிளப்புக்கு ஏணி இல்லை, வீரனுக்கு உண்டு. மார்க் விடுகா மெல்பர்ன் நைட்ஸின் பிள்ளை. ஆஸ்திரேலியாவின் அணித்தலைவராக இருந்த மிலே யெடினாக்கும், இன்றைய தேசியப் பயிற்சியாளர் டோனி போபோவிச்சும் சிட்னி யுனைடெட்டிலிருந்து வந்தவர்கள். இத்தாலிக்காக உலகக் கோப்பைகளில் கோல் அடித்த கிறிஸ்டியன் வியேரி சிறுவயதில் மார்க்கோனியில் ஆடினார். இவை பழைய காலத்துப் பெயர்கள் என்று தோன்றினால், கராங் குவோலைப் பாருங்கள். தெற்கு சூடானிய அகதிக் குடும்பத்துப் பையன். ஷெப்பர்ட்டனில் கோல்பர்ன் வேலி சன்ஸ் அணியில் ஆடினான். அங்கிருந்து ஏ-லீக்கின் சென்ட்ரல் கோஸ்ட் மரினர்ஸ். 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் கோல்கீப்பருக்கு நேரெதிரே பந்தோடு நின்றபோது அவனுக்கு வயது 18. அடிலெய்டில் குரோவேஷியர்களின் கிளப்பான ரெய்டர்ஸில் சிறுவனாக ஆடிய நெஸ்டரி இரன்குண்டாவை பயர்ன் மியூனிக் வாங்கியது. கிரேக்கரும் குரோவேஷியரும் தங்களுக்காகக் கட்டிய கிளப்புகளில் இன்று ஆப்பிரிக்கப் பிள்ளைகளும் ஆசியப் பிள்ளைகளும் வளர்கிறார்கள்.

பெண்கள் லீக்கும் இதே மாதங்களில் நடக்கிறது. ஏ-லீக் பெண்கள் அணிகளில் ஆடும் பலர் அந்த சீசன் முடிந்ததும் குளிர்காலத்தில் என்.பி.எல். பெண்கள் அணிகளில் ஆடுகிறார்கள். எனவே ஆண்கள் லீக்கைவிட அங்கே தொழில்முறைத் திறனை அருகில் பார்க்கும் வாய்ப்பு அதிகம்.

சரி, வாசல் எப்போது திறக்கும்? 2013 முதல் 2019 வரை மாநிலப் பிரீமியர்கள் சீசன் முடிவில் தேசிய அளவில் மோதிக்கொண்டார்கள். முதல் ஆண்டு சிட்னி யுனைடெட் 58, 2017-இல் ஹெய்டல்பர்க், 2019-இல் லயன்ஸை 4–3 என்று வென்ற உலங்காங் வுல்வ்ஸ் ஆகியவை கோப்பையைத் தூக்கின. பெருந்தொற்று வந்தது, விக்டோரியாவில் 2020, 2021 சீசன்கள் பாதியிலேயே கைவிடப்பட்டன, தேசிய மோதலும் நின்றுபோனது. அது திரும்பி வராததற்குக் காரணம், பலரும் அதைவிடப் பெரிதாக, முழுமையான இரண்டாம் நிலைத் தேசிய லீக் வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்ததுதான்.

அந்தப் போராட்டத்துக்குப் பாதி வெற்றி கிடைத்திருக்கிறது. நவம்பர் 2023-இல் அந்த லீக்கைத் தொடங்கப்போகும் எட்டுத் தொடக்கக் கிளப்புகளின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன: சவுத் மெல்பர்ன், பிரெஸ்டன் லயன்ஸ், அவன்டேல், மார்க்கோனி, ஏபியா லைக்கார்ட், சிட்னி யுனைடெட் 58, சிட்னி ஒலிம்பிக், உலங்காங் வுல்வ்ஸ். ஆண்டு முழுக்க நடக்கும் லீக் என்ற கனவு பணக் கணக்கில் சுருங்கி, அக்டோபர் 2025-இல் 'ஆஸ்திரேலியன் சாம்பியன்ஷிப்' என்ற பெயரில் 16 அணிகளின் போட்டியாகத் தொடங்கியது. எட்டுத் தொடக்கக் கிளப்புகளும், மாநில லீக்குகளிலிருந்து வந்த எட்டு அணிகளும். நான்கு நான்காகப் பிரிந்து உள்ளூரிலும் வெளியூரிலும் ஆடி, பிறகு நாக்-அவுட். எனவே இப்போது என்.பி.எல். சீசன் செப்டம்பரோடு முடிவதில்லை. முன்னணி அணிகளுக்கு ஆண்டு டிசம்பர் வரை நீள்கிறது. அங்கே வென்றாலும் ஏ-லீக் இடம் கிடையாது.

தொடக்கக் கிளப்புகளில் ஐந்து, ஒரு காலத்தில் தேசிய லீக்கை வென்றவை. பழையவர்களுக்கே மறுபடியும் முன்னுரிமையா என்று மற்ற மாநிலத்தவர் முறைப்பதில் நியாயம் உண்டு. எட்டும் விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் இருப்பவை. ஆனாலும் டாஸ்மேனியாவின் சவுத் ஹோபார்ட் போன்ற கிளப்புக்கு உண்மையான தேசிய ஆட்டங்கள் கிடைத்திருக்கின்றன என்பது சிறிய விஷயமில்லை.

வாசலைத் திறந்தால் தகுதியற்ற கிளப்புகள் வந்து கடனில் மூழ்கும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதற்கு ஓர் உதாரணம் போதும். 2018-இல் ஏ-லீக் புதிய உரிமங்களுக்கு விண்ணப்பம் கேட்டபோது சவுத் மெல்பர்ன் இறுதிப் பட்டியல் வரை வந்து நிராகரிக்கப்பட்டது. மெல்பர்ன் மேற்கில் புதிய மைதானம் கட்டுவதாகச் சொன்ன வெஸ்டர்ன் யுனைடெட்டுக்கு உரிமம் கிடைத்தது. அந்தப் பெரிய மைதானம் வரவில்லை. பண நெருக்கடியால் 2025–26 சீசனில் அந்த அணி களமிறங்கவே இல்லை. 1959 முதல் இடைவிடாது நிற்கும் கிளப்பைவிடப் புதிதாக எழுதிய திட்ட அறிக்கை நம்பகமானது என்று முடிவெடுத்தவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். ஏறவும் இறங்கவும் உள்ள முறை ஒரே நாளில் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு தேதி குறிக்கட்டும், நிதி நிபந்தனைகளை எழுதட்டும், அவற்றை நிறைவேற்றி வென்று வருகிறவர்களை உள்ளே விடட்டும்.

மெல்பர்னில் இருப்பதால் உங்களுக்கு வசதி அதிகம். சவுத் மெல்பர்ன் ஆடும் லேக்சைட் ஸ்டேடியம் ஆல்பர்ட் பார்க் ஏரியோரம் இருக்கிறது. சுற்றிலும் ஓட்டப்பாதை இருப்பதால் ஆட்டம் சற்றுத் தள்ளியே தெரியும். முதல் ஆட்டத்துக்கு அதைவிட ஹெய்டல்பர்க்கின் ஒலிம்பிக் வில்லேஜ் மைதானத்தையே சொல்வேன். 1956 ஒலிம்பிக் வீரர்கள் தங்கியிருந்த குடியிருப்புப் பகுதி அது. வேலியில் கை வைத்து நின்றால் பந்தை உதைக்கும் சத்தமும், தடுப்பாட்டக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டுவதும் அப்படியே கேட்கும். இடைவேளையில் சூவ்லாக்கி என்ற கிரேக்கச் சுட்ட இறைச்சிக்கான வரிசையில் நிற்கத் தாமதித்தால் இரண்டாம் பாதியின் முதல் பத்து நிமிடம் போய்விடும். நைட்ஸ் மைதானத்தில் அதே இடத்தை குரோவேஷியர்களின் சுட்ட இறைச்சியான செவாப்பி பிடித்துக்கொள்ளும். கனமான மேலங்கி கட்டாயம். நேரில் போக முடியாத வாரங்களில் பல ஆட்டங்களை இணையத்தில் பார்க்கலாம்.

லீக் ஆட்டத்தோடு நிறுத்திவிடாமல், வார நடுவில் வரும் கோப்பையின் ஆரம்பச் சுற்று ஒன்றுக்கும் போங்கள். ஸ்டேட் லீக் அணியின் சொந்த மைதானத்துக்கு என்.பி.எல். அணி வருகிற ஆட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆட்ட விவரங்களை விக்டோரியக் கால்பந்துச் சங்கம் முன்கூட்டியே வெளியிட்டுவிடும்.